குறடு பிடித்த கைக்குத் தெரிவது

காலணி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் காலணி செய்கிறவர்கள் அல்ல. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் பிரிவுகளைத் தாண்டி ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் மெர்ச்சண்டைசர், கணினியில் மாடல் வரையும் டிசைனர், தோலும் சோலும் பேரம் பேசி வாங்கும் பர்ச்சேஸ் ஆள், கணக்குப் பிரிவினர், கடையில் வாடிக்கையாளர் முன் குனிந்து ஷூவை மாட்டிவிடும் விற்பனையாளர். இவர்களில் பலர் பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள். ஆனாலும் ஒரு ஜோடியைக்கூடத் தம் கையால் செய்திருக்க மாட்டார்கள். அதே சமயம், ஒரு ஜோடி எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் ஒவ்வொருவரும் தோலை வெட்டுவது தொடங்கி சோல் ஒட்டுவது வரை ஒரு ஜோடியையாவது தாமே செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் தோல் தொழிலை இத்தனை காலம் வளர்த்திருக்கும் நமக்கு இது எளிது. சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கற்றுத் தருவதற்கு ஆலைகளிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். உலகத்துக்கும் இது புதிதல்ல. அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் ஸ்லீன் நகரில் பாட்டா நிறுவனம் 1925-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கியது. பகலில் ஆலை வேலை, மாலையில் பாடம் என்பது அங்கே முறை.

இத்தகைய பயிற்சியை ஊழியர்களுக்கு உற்சாகமூட்டும் நிகழ்ச்சியாகவே பல இடங்களில் பார்க்கிறார்கள். அதைவிட வலுவான காரணங்கள் இருக்கின்றன. தோல் என்ற பொருளின் இயல்பு ஒன்று, காலின் வடிவம் மற்றொன்று, நம் மூளை தொழிலைக் கற்கும் விதம் இன்னொன்று. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பயிற்சியின் முதல் நாளில் கத்தியைக் கையில் தரக் கூடாது. பதனிட்ட முழுத் தோல் ஒன்றை மேசைமேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தடவச் சொல்ல வேண்டும். கனம் சீராக இருக்கும்படி இயந்திரத்தில் சீவிய தோல்தான். ஆனாலும் முதுகெலும்பு ஓடிய கோட்டை ஒட்டிய பகுதி, அதிலும் பின்புறம், கைக்கு இறுக்கமாகப் படும். வயிற்றுப் பக்கம் போகப் போகத் தொளதொளக்கும். கழுத்தருகே சுருக்கங்கள் தட்டுப்படும். இடையில் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய வடு, இரத்தக் குழாய் ஓடிய தடம் எல்லாம் விரலில் சிக்கும்.

தோலின் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட மூலக்கூறு அது. அவை சேர்ந்து நுண்ணிழையாகின்றன, நுண்ணிழைகள் சேர்ந்து இழையாகின்றன, இழைகள் சேர்ந்து கற்றையாகின்றன. இந்தக் கற்றைகள் எல்லாத் திசையிலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக் கிடக்கின்றன. துணியில் பாவு எது ஊடு எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். தோலில் அது நடக்காது. புட்டப் பகுதியில் கற்றைகள் நெருக்கமாக, செங்குத்தான கோணத்தில் பின்னியிருக்கும். வயிற்றில் தளர்ந்து படுத்திருக்கும். மேய்ந்து நிரம்பும்போது வயிறு விரிய வேண்டும் அல்லவா? மாடு உயிரோடிருந்தபோது அந்த இடத்துக்கு எது தேவைப்பட்டதோ, அது பதனிட்ட பிறகும் தோலில் தங்கிவிடுகிறது.

அதனால் தோலுக்கு இழுவைத் திசை உண்டு. முதுகுப் பகுதியில் முதுகெலும்புக்கு இணையாக ஒரு கீற்றும் குறுக்காக ஒரு கீற்றும் வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். இணையாக வெட்டியது பிடிவாதமாக நிற்கும், குறுக்காக வெட்டியது நீளும். ஷூவின் முன்பக்கத் துண்டான வேம்ப்பை வெட்டும்போது இறுக்கமான திசை குதிகாலிலிருந்து விரல் நுனியை நோக்கி ஓட வேண்டும் என்பது கட்டிங் பிரிவின் அரிச்சுவடி. நடக்க நடக்க ஷூ நீளவாக்கில் இழுபடக் கூடாது, அகலவாக்கில் காலுக்கு ஏற்ப நெகிழ வேண்டும். இடது வேம்ப்பும் வலது வேம்ப்பும் பக்கத்துப் பக்கத்து இடத்திலிருந்து வர வேண்டும். ஒன்று முதுகிலிருந்தும் மற்றொன்று வயிற்றிலிருந்தும் வந்தால், கடையில் இரட்டையராக இருக்கும் ஜோடி சில மாதங்களில் ஒன்று அகன்று, ஒன்று இறுகி நிற்கும்.

ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடித் தோல் போதும் என்று அலுவலகத்தில் நிர்ணயிக்கிறார்களே, அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் இறுக்கினால் கட்டிங் மேசையில் என்ன நடக்கும் என்பது இந்த ஒரு மணி நேரத் தடவலில் புரிந்துவிடும். கணினிக்குப் பரப்பளவு தெரியும். கட்டிங் மாஸ்டர் அந்தப் பரப்பளவுக்குள் தழும்பையும் தவிர்க்க வேண்டும், இழுவையையும் பார்க்க வேண்டும், ஜோடியின் நிறமும் பொருந்த வைக்க வேண்டும். எண்ணிக்கை இறுகினால் இந்த மூன்றில் ஏதோ ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது லாஸ்ட். ஷூ செய்யும் கால் அச்சு. காலின் அச்சு அசல் நகல்தான் லாஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு நகலின்மேல் ஷூ செய்தால் ஒரு நாள்கூடப் போட முடியாது. காலில் 26 எலும்புகள் இருக்கின்றன. நிற்கும்போது கால் நீண்டு அகலும், நடக்கும்போது விரல்கள் முன்னுக்கு நகரும், மாலையில் வீங்கும். இத்தனைக்கும் இடம் தந்து, அதே சமயம் குதிகாலையும் மேல்பாதத்தையும் பிடித்து நிறுத்துகிற ஒரு சமரச வடிவம் லாஸ்ட். விரல் பக்கம் காலைவிட நீளமாக இருக்கும். நுனி தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியிருக்கும். கெட்டியான சோல் மடங்கச் சிரமப்படுவதால், நடையில் பாதம் உருண்டு எழும்ப அந்தத் தூக்கல் உதவும்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இங்கே வருகிறது. லாஸ்ட் முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். முன்னும் பின்னும் நடுக்கோடு போட்டு, மாடலின் கோடுகளைப் பென்சிலால் டேப்பின் மேலேயே வரைய வேண்டும். பிறகு கோட்டின் வழியே கத்தியால் அறுத்து, டேப்பை மெல்ல உரித்து, அட்டையின்மேல் தட்டையாக ஒட்ட வேண்டும். ஒட்டவே ஒட்டாது. விரல் நுனிப் பக்கம் ஓரம் போதாமல் வெட்டுவிட்டுப் பிரிக்க வேண்டியிருக்கும். மேல்பாதம் வளைந்து ஏறும் இடத்தில் மடிப்பு விழும். அழுத்த அழுத்த மடிப்பு வேறு இடத்துக்குப் போகுமே தவிர மறையாது.

மாம்பழத்தைக் காகிதத்தில் பொதிந்தால் சுருக்கம் விழுவதும் இதே காரணத்தால்தான். ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் இதைத் தேற்றமாக நிறுவினார். இரண்டு திசையிலும் வளைந்த ஒரு பரப்பை, நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக்க முடியாது. தட்டையான தாளை அப்படிப்பட்ட பரப்பின்மேல் படிய வைக்கவும் முடியாது. உலக வரைபடத்தில் கிரீன்லாந்து பூதாகரமாகத் தெரிவது இதனால்தான். ஷூ தயாரிப்பின் அடிப்படைச் சிக்கலும் இதுதான். தோல் தட்டை, கால் வளைவு. இடையே இருக்கும் கணக்கைத் தோலின் இழுவை தீர்த்து வைக்க வேண்டும். எவ்வளவு இழுவை, எந்த இடத்தில், எந்தத் திசையில் என்பதுதான் பேட்டர்ன் மாஸ்டரின் கலை. இன்று மென்பொருள் ஒரு நொடியில் தட்டையாக்கித் தந்துவிடுகிறது. எங்கே நீட்டியது, எங்கே சுருக்கியது என்பது திரையைப் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. கையால் டேப்பை உரித்த டிசைனர், தையல் கோட்டை எங்கே வைத்தால் தோல் படியும், எங்கே வைத்தால் முரண்டு பிடிக்கும் என்று அடுத்த மாடலை வரையும்போதே யோசிப்பார்.

வெட்டி, ஓரம் சீவி, மடித்து, தைத்து முடித்த மேற்பாகமான அப்பருக்கு இன்னும் ஷூவின் உருவம் வந்திருக்காது. உருவம் தருவது லாஸ்டிங். ஆலையில் இயந்திரம் இதைச் செய்யும். பயிற்சியில் குறடால் செய்ய வேண்டும்.

இந்தக் குறடு சாதாரணக் குறடு அல்ல. பற்கள் கொண்ட வளைந்த வாய், அதன் ஒரு பக்கத்தில் சுத்தியல் தலை. இன்சோலை லாஸ்டின் அடியில் ஆணியடித்து நிறுத்தி, விறைப்புத் தரும் துண்டுகளாக விரல் பக்கம் டோ பஃப்பும் குதிகால் பக்கம் கவுண்டரும் வைத்து, அப்பரை லாஸ்டின்மேல் கவிழ்க்க வேண்டும். நுனியின் நடுவில் அப்பரின் விளிம்பைக் குறடால் கவ்வி, சுத்தியல் தலையை லாஸ்டின் அடியில் ஊன்றி நெம்பினால் தோல் இழுபட்டு வரும். அப்படியே இடது கட்டைவிரலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குறடின் வாயை விடுவித்து, அதே கருவியைத் திருப்பி ஆணியை அடிக்க வேண்டும். கட்டைவிரல் ஒரு கணம் தளர்ந்தால் தோல் பின்வாங்கிவிடும். நுனியில் ஒன்று, அதன் இருபுறமும் ஒவ்வொன்று. மூன்று ஆணிகளுக்குப் பிறகு நிறுத்தி, நடுக்கோடு நேராக இருக்கிறதா, குதிகால் உயரம் சரியா என்று பார்க்க வேண்டும். நடுக்கோடு மூன்று மில்லிமீட்டர் விலகினாலும் ஷூ கோணலாகத் தெரியும். விலகியிருந்தால் ஆணிகளைப் பிடுங்கி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

"மாஸ்டர், எவ்வளவு இழுக்கணும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். "போதும்னு தோணும் பாருங்க மேடம், அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் இழுங்க" என்பதுதான் கிடைக்கும் பதில். முதல் முறை கேட்கும்போது அது பதிலாகவே தோன்றாது. ஆனால் அதைவிடத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. குறைவாக இழுத்தால் தோலுக்கும் லாஸ்டுக்கும் இடையே இடைவெளி நிற்கும், மேல்பாதம் மடிந்து சுருங்கும். அதிகம் இழுத்தால் நுனியில் தோலின் மேற்படலம் வெடிக்கும். ஆய்வகத்தில் இதற்கு லாஸ்டோமீட்டர் என்ற கருவி உண்டு. வட்டமாக வெட்டிய தோலைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்து ஒரு சிறிய குண்டால் மேல்நோக்கித் தள்ளுவார்கள். மேற்படலம் வெடிக்கும் முன் குறைந்தது 7 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது அப்பர் தோலுக்கு வழக்கமாக வைக்கப்படும் அளவு. பரிசோதனை அறிக்கையில் 7 என்ற எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், ஒரு முறையாவது தன் குறடின் கீழ் தோல் வெடிக்கும் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். பயிற்சியில் ஒரு ஜோடியைக் கெடுக்க அனுமதி இருப்பது அவசியம். முன்கூட்டியே வெட்டித் தைத்து, ஒட்டுவதற்கு மட்டும் தயாராக வைத்திருக்கும் 'கிட்'டைக் கொடுத்து ஒரே மதியத்தில் முடிக்கும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே புகைப்படம் கிடைக்கும், தோல் வெடிக்காது.

லாஸ்டின்மேல் ஏறிய பிறகு காத்திருக்க வேண்டும். இழுத்து நிறுத்திய தோலில் விசை நேரம் போகப் போகக் குறையும். கொலாஜன் கற்றைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, புதிய இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. தோலுக்குள் இருக்கும் ஈரம் இந்த வழுக்கலுக்கு எண்ணெய். அதனால்தான் லாஸ்டிங்குக்கு முன் அப்பருக்கு நீராவி காட்டுகிறார்கள். கற்றைகள் அமர்வதற்குள் லாஸ்டை உருவினால் தோல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தக் காலத்தில் ஷூ நாள் கணக்கில் லாஸ்டிலேயே இருக்கும். இன்று ஹீட் செட்டர் என்ற சூடேற்றும் இயந்திரம் அந்தக் காத்திருப்பை நிமிடங்களாகச் சுருக்கிவிட்டது.

இங்கேதான் பதனிடும் முறை குறுக்கே வருகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவதில் தமிழ்நாடு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. குரோமிய உப்பு வந்த பிறகு நிலைமை மாறியது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால்தான். 1970-களில் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியதும், ஆம்பூர் வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் நகர்ந்தது. பதனிடும் முறையைப் பொறுத்துத் தோல் தாங்கும் சூடும் மாறும். ஈரமான நிலையில் சூடேற்றினால் பதனிடாத தோல் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே சுருண்டுவிடும். முறுக்கிய மூன்று சங்கிலிகளும் அவிழ்ந்துவிடுவதால் அது நடக்கிறது. தாவரப் பட்டையால் பதனிட்ட தோல் 70, 80 டிகிரி வரை தாங்கும். குரோமியம் கொலாஜன் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு போட்டுவிடுவதால், குரோம் தோல் கொதிநீர் வரைக்கும் தாங்கும்.

ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் குரோம் இல்லாத தோலில் அதே மாடலைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுச்சூழலை நினைத்தால் நியாயமான கோரிக்கைதான். மெர்ச்சண்டைசர் ஆர்டரில் தோலின் பெயரை மட்டும் மாற்றுகிறார். ஹீட் செட்டரின் வெப்பத்தையும் மாற்ற வேண்டும், அதனால் லாஸ்ட் விடுபடத் தாமதமாகும், அதனால் ஒரு நாள் உற்பத்தி குறையும், அதனால் கப்பல் தேதி தள்ளும் என்ற சங்கிலி அவர் மனதில் ஓட வேண்டும். லாஸ்டிங் மேசையில் நின்றவருக்கு அது தானாக ஓடும்.

கையைப் பார்த்தே ஓர் இயந்திரம் பிறந்த கதையும் லாஸ்டிங்கில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லின் நகரம் ஷூவுக்குப் பேர்போனது. வெட்டவும் தைக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. லாஸ்டிங்கை மட்டும் எந்த இயந்திரத்தாலும் செய்ய முடியாது என்று எல்லாரும் நம்பினார்கள். கை லாஸ்டர் ஒருவர் ஒரு நாளைக்கு 50 ஜோடி முடிப்பார். தென் அமெரிக்காவின் சூரினாமில் 1852-இல் பிறந்த ஜான் மாட்செலிகர் என்ற கறுப்பின இளைஞர் 1877-இல் லின்னுக்கு வந்து, ஷூ ஆலையில் தையல் இயந்திரம் ஓட்டினார். ஆங்கிலமே அதிகம் தெரியாது. லாஸ்டர்களின் கைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். கவ்வுவது, நெம்புவது, சற்றுத் திருப்பி மடிப்பைப் பரப்புவது, ஆணி அடிப்பது என்று ஒவ்வொரு அசைவையும் பிரித்து, இரவுகளில் மரத்துண்டும் கம்பியும் கொண்டு மாதிரிகள் செய்தார். 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. அவருடைய இயந்திரம் நாளுக்கு 700 ஜோடி வரை முடித்தது. 1889-இல், 36 வயதில், காசநோயால் இறந்துபோனார். இன்று ஆம்பூரில் ஓடும் லாஸ்டிங் இயந்திரத்தின் கவ்விகளை நிதானமாக ஓட்டிப் பார்த்தால், அந்த லாஸ்டர்களின் மணிக்கட்டு அசைவு உள்ளே தெரியும். குறடால் ஒரு முறை செய்தவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோல் ஒட்டும் கட்டத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் புகார்களில் எல்லாருக்கும் தெரிந்தது 'சோல் பிரிந்துவிட்டது' என்பது. உடனே பழி பசையின்மேல் விழும். பசை பெரும்பாலும் நிரபராதி. அப்பர் தோலின்மேல் பளபளப்புக்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசியிருக்கிறார்கள். பசையை அதன்மேல் தடவினால் பசை படலத்தைத்தான் பிடிக்கும். நடையில் படலமே தோலிலிருந்து உரிந்து வந்துவிடும். அதனால் சோல் ஒட்டும் விளிம்பைச் சுழலும் கம்பித் தூரிகையில் காட்டி, படலம் போய் இழைகள் சிலிர்த்து நிற்கும்வரை தேய்க்கிறார்கள். இதற்கு ரஃபிங் என்று பெயர். குறைவாகத் தேய்த்தால் படலம் நிற்கும், அதிகம் தேய்த்தால் இழையே அறுந்து தோல் பலவீனமாகும். பசை தடவிக் காயவிட்டு, மறுபடி சூடுகாட்டி உயிர்ப்பித்து, சூடு ஆறுவதற்குள் சோலை வைத்து அழுத்த வேண்டும். பாலியூரித்தேன் பசையில் இருக்கும் நுண்படிகங்கள் சூட்டில் உருகும். இரண்டு பக்கத்துப் பசையும் கலந்து, ஆறும்போது மறுபடி படிகமாகி இறுகும். உருகியிருக்கும் அந்தச் சில நொடிகளைத் தவறவிட்டால் என்ன அழுத்தினாலும் பயனில்லை.

பயிற்சி பெறுகிறவர்கள் தாம் ஒட்டிய ஒரு ஷூவை மறுநாள் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் காலணிகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 20345, ஒட்டின் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் பொதுவாக 4 நியூட்டன் வலிமை கேட்கிறது. ஒரு சென்டிமீட்டர் பட்டையில் ஏறக்குறைய 4 கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் பிரியக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணைவிட, பிரிந்த பரப்பு சொல்லும் சேதி முக்கியம். சோல் துடைத்தாற்போல் வந்து பசையெல்லாம் அப்பரில் தங்கியிருந்தால் சோலைச் சரியாகத் தயார் செய்யவில்லை. அச்சிலிருந்து எடுக்க உதவும் வழவழப்பு அதில் மிச்சம் இருக்கிறது, அல்லது பிரைமர் படவில்லை. பசை சோலோடு வந்து, அதன்மேல் அப்பரின் நிறம் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் ரஃபிங் போதவில்லை. இரண்டு பக்கமும் பசை வழவழவென்று தங்கியிருந்தால் சூடு போதவில்லை, அல்லது அழுத்தத் தாமதமாகியிருக்கிறது. தோலின் இழைகளே பிய்ந்து வந்திருந்தால், ஒட்டு தோலையே வென்றுவிட்டது என்று பொருள். தோல்தான் பலவீனமா என்று பார்க்க வேண்டும். புகார்களுக்குப் பதில் எழுதும் அலுவலக ஊழியருக்கு இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், மேலும் கீழும் மாறி மாறி மின்னஞ்சல் அனுப்பாமல் தவறு நடந்த மேசைக்கே நேராகப் போகலாம்.

மழைக்காலம் வந்தால் இதே வேலை இன்னும் கடினம். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. பசையை உறுதியாக்கச் சேர்க்கும் ஐசோசயனேட்டும் நீரோடு வினைபுரிந்து வீணாகிறது. ஆகஸ்டில் நன்றாக ஒட்டிய அதே ஆள், அதே பசை, நவம்பரில் தோற்பது இதனால்தான்.

கிடங்கைக் கவனிக்கிறவர்களும் விற்பனையாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல் ஒன்று உண்டு. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனால் ஆன சோல், போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பொடியாகும். காற்றின் ஈரம் அதன் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே இருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கி அலமாரியில் வைத்த ஷூ, எடுத்துப் போட்ட அன்றே உதிர்ந்துவிட்டது என்று புகார் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் எழுத்தில் சொல்லிவிட்டேனே, பிறகு எதற்குக் குறடு என்று கேட்கலாம். நம் மூளையில் நினைவு ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பதில். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதில் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை இழந்த அவரால் அதன் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். முதலில் கை தாறுமாறாகப் போகும். மூன்று நாட்களில் மொலைசன் அதை நன்றாகச் செய்யத் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். அவர் மறந்ததைக் கை மறக்கவில்லை. ஸ்பெக் ஷீட்டில் எழுதியது ஒரு வகை நினைவுக்குப் போகிறது. நெம்பும்போது மணிக்கட்டில் ஏறும் எதிர்ப்பு இன்னொரு வகை நினைவுக்குப் போகிறது. முதலாவதை எத்தனை முறை படித்தாலும் அது இரண்டாவதாக மாறாது.

விரலின் கூர்மையும் சாதாரணமல்ல. சுவீடன் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மனித விரலால் 13 நானோமீட்டர் உயரமே உள்ள அலைவரிகளை உணர முடிந்தது. தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு அது. சீவிய ஓரம் மடிப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று தையல் பிரிவுப் பெண்கள் கேஜ் வைத்துப் பார்ப்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறை உருவிப் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் அளவுக்கருவிதான்.

அந்தக் கைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. தோலைத் தொடுகிறவர் ஒரு பக்கம், தோலால் வரும் பணத்தை எண்ணுகிறவர் மறுபக்கம் என்ற பிரிவுக்கு நம் மண்ணில் சாதி என்ற வேர் இருக்கிறது. அருந்ததியர் உள்ளிட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்தார்கள். அதைச் செய்ததற்காகவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். காலணியைக் கையால் தொடுவதே இழிவு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் முழுதாகப் போய்விடவில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர், தரையில் விழுந்த தோல் துணுக்குகளுக்கு நடுவே நின்று, ஒரு லாஸ்டரை ஆசிரியராக ஏற்று, அவரிடம் திட்டு வாங்கி ஒரு ஜோடி செய்வதற்கு இந்த மண்ணில் தனி அர்த்தம் உண்டு. அந்த ஆசிரியர் மாணவரை 'மேடம்' என்றும் 'சார்' என்றும் அழைப்பது முதல் நாளோடு நின்றால் இன்னும் நல்லது.

ஆகவே கற்றுத் தருகிறவர் ஆலைத் தளத்திலிருந்தே வர வேண்டும். வெளியிலிருந்து வந்து திரையில் படம் காட்டும் பயிற்சியாளர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காஸையும் கொலாஜனையும் அவர் விளக்கட்டும். குறடைப் பிடிக்கக் கற்றுத் தருவது, இருபது முப்பது ஆண்டுகள் லாஸ்டிங் மேசையில் நின்றவராகவோ தையலில் தேர்ந்த பெண்ணாகவோ இருக்கட்டும். கற்பிக்கும் நாட்களுக்கு அவர்களுக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும்; அந்த நாட்களின் உற்பத்தி இலக்கு அவர்கள் தலையில் ஏறக் கூடாது. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களுக்கு இதையே முழுநேர வேலையாகத் தரலாம். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அவர்களுடைய கைப் பழக்கமும் கூடவே போய்விடுகிறது. அதை எந்தக் கோப்பிலும் பதிந்து வைக்க முடியாது.

இதைத் தொடங்க இப்போது ஒரு நல்ல வாய்ப்பும் வந்திருக்கிறது. நாம் இதுவரை போட்டு வந்தது பிறருடைய கால் அளவு. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒன்று, ஐரோப்பிய அளவில் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியர்களுக்கென்று 'பா' என்ற அளவு முறையை அடையாறின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் முன்வைத்திருக்கிறது. நம் பாதங்கள் ஐரோப்பியர்களுடையதைவிட அகலமானவை என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு. இந்த முறை நடைமுறைக்கு வந்தால் லாஸ்டுகள் மாறும், பேட்டர்ன்கள் மாறும், தோல் கணக்கு மாறும், கடையில் கால் அளக்கும் விதமும் மாறும். எல்லாப் பிரிவினரும் எப்படியும் புதிதாகக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கல்வி சொந்த ஜோடியோடு தொடங்கட்டும். செய்த ஷூவைச் செய்தவரே சில வாரங்கள் அலுவலகத்துக்குப் போட்டு வர வேண்டும். எங்கே கடிக்கிறது, மாலையில் எங்கே இறுகுகிறது, குதிகால் எப்போது கழல்கிறது, வேம்ப்பில் மடிப்பு எங்கே விழுகிறது என்று, வாடிக்கையாளர் புகாருக்குப் பயன்படுத்தும் அதே படிவத்தில் எழுதி, கற்றுத் தந்த மாஸ்டரிடம் கொடுத்து, அவரோடு உட்கார்ந்து காரணத்தைத் தேட வேண்டும்.